ஒடுக்கத்துப் புதன் இரவில் பிள்ளைகளை எழுப்புங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. பெற்றோர்கள், குறிப்பாகத் தோட்டப் பக்கம் இருக்கிறவர்கள், பொறுமையாக வாசியுங்கள்.

போன கிழமை எங்கள் வகுப்பின் வட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவித்தல் போட்டோம். ஆகஸ்ட் 12 புதன்கிழமை நள்ளிரவுக்குப் பிறகு, அதாவது 13 வியாழன் விடியற்காலை, எரிநட்சத்திரங்கள் நிறைய விழும், விருப்பமானவர்கள் பிள்ளைகளை எழுப்பிக் காட்டுங்கள் என்று. அவ்வளவுதான் எழுதினோம். பத்து நிமிடத்தில் ஓர் உம்மாவின் குரல் பதிவு வந்தது. "சேர், அண்டைக்கு ஒடுக்கத்துப் புதன். அந்த ராவையில புள்ளைகள வெளிய எடுக்க ஏலா." அதற்குக் கீழே தோட்டத்து அம்மா ஒருவர் எழுதியிருந்தார். "நட்சத்திரம் விழுறத பாத்தா ஆகாதுன்னு எங்க வீட்டுல சொல்றாங்க சேர்."

இரண்டு மதம், இரண்டு பேச்சு வழக்கு, ஆனால் பயம் ஒன்றுதான். அந்தப் பயத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறோம்.

நாங்கள் என்று சொல்வது விஞ்ஞானம் படிப்பிக்கும் எங்கள் இருவரை. கல்வியியற் கல்லூரியில் ஒரே பிரிவில் படித்து, ஒரே வருடம் ஊவாவுக்கு நியமனம் கிடைத்து வந்தவர்கள். ஒருவர் பதுளை முஸ்லிம் குடும்பம். மற்றவர் எல்லவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பதிவு போடப்படும் கணக்கு ஒருவருடையது, பேச்சு இருவருடையது.

முதலில் ஒரு பழைய கதை.

2001 நவம்பர். ரமழானின் முதல் நாட்கள். பதுளை வீட்டில் ஸஹருக்கு எழும்பியிருந்தோம். முகம் கழுவப் பின்பக்கம் போன பிள்ளைகள் மூன்று பேரும் வானத்தில் ஒரு வெள்ளைக் கோடு ஓடுவதைப் பார்த்தோம். பிறகு இன்னொன்று. பிறகு ஒரேயடியாக இரண்டு. எண்ணத் தொடங்கினோம். பதினேழு வரை எண்ணியபோது உம்மும்மா வந்து எல்லோரையும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். "பாக்க வாணாம் புள்ளைகள், யாரோ மவுத்தாகப் போற" என்றார்.

அந்தக் கிழமைக்குள்ளேயே எங்கள் பக்கத்து வீட்டு அப்பா மவுத்தாகிவிட்டார். வயதானவர், நெடுநாள் நோயாளி. ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு அது விளங்குமா? நாங்கள் எண்ணியதால்தான் அவர் போய்விட்டார் என்று மூன்று பேரும் நம்பினோம். யாரிடமும் சொல்லவில்லை. ஜனாஸா வீட்டில் அந்தப் பெரியவரின் மகளைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு பல வருடம் இரவில் வெளியே போனால் தலையைக் குனிந்துகொண்டுதான் போனோம்.

கல்வியியற் கல்லூரியில் வானியல் பாடம் வந்தபோதுதான் உண்மை தெரிந்தது. 2001 நவம்பர் 18 இரவும் 19 அதிகாலையும் உலகத்தின் பல பகுதிகளில் இலட்சக்கணக்கானோர் வெளியே நின்று பார்த்த லியோனிட் எரிகற் பொழிவு அது. டெம்பல்-டட்டில் என்ற வால்வெள்ளி விட்டுப்போன தூசிக்குள்ளே பூமி புகுந்து வெளியே வந்த இரவு. எத்தனை நாட்டுப் பிள்ளைகள் அன்றைக்குக் கை தட்டிச் சிரித்திருப்பார்கள்! நாங்கள் ஒரு மரணத்தைத் தலையில் சுமந்துகொண்டு வந்தோம். உம்மும்மாவில் பிழை சொல்லவில்லை. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதனால் எங்களுக்குப் பொறுப்பு இருக்கிறது.

இனி, 13 ஆம் திகதி அதிகாலை என்ன நடக்கப் போகிறது என்று பார்ப்போம்.

ஸ்விஃப்ட்-டட்டில் என்று ஒரு வால்வெள்ளி. 1862 இல் அமெரிக்காவில் இரண்டு பேர் தனித்தனியாகக் கண்டுபிடித்ததால் இருவரின் பெயரும் சேர்ந்தது. சூரியனை ஒருதரம் சுற்றிவர அதற்கு ஏறக்குறைய 133 வருடம் ஆகும். கடைசியாக 1992 இல் வந்தது. இனி நமது பிள்ளைகளின் பிள்ளைகள் காலத்தில்தான் வரும். ஆனால் அது வந்துபோகும் பாதை நெடுகத் தூசி கொட்டிக் கிடக்கிறது. நமது பூமி ஒவ்வொரு வருடமும் ஆகஸ்டில் அந்தப் பாதையைக் குறுக்கே கடக்கும். அந்தத் தூசிதான் காற்று மண்டலத்தில் மோதி ஒளிர்கிறது. பெர்சீட் பொழிவு என்பது இதுதான்.

விழுவது நட்சத்திரம் இல்லை. பெரும்பாலும் ஒரு மணல் துணிக்கை அளவுதான். தரையிலிருந்து 80, 100 கிலோமீற்றர் உயரத்திலேயே ஆவியாகிவிடும். யாருடைய கூரையிலும் விழாது. அதன் வேகம் செக்கனுக்கு 59 கிலோமீற்றர். பதுளையிலிருந்து கொழும்புக்கு ரயில் பாதை ஏறக்குறைய 290 கிலோமீற்றர். இரவு மெயிலில் ஏறினால் நமக்கு ஓர் இரவு முழுக்கப் போகும். இந்தத் துணிக்கைக்கு ஐந்து செக்கன் போதும். அந்த வேகத்தில் வந்து மோதுவதால்தான் இத்தனை சிறிய பொருளுக்கு இத்தனை வெளிச்சம்.

ஏன் நள்ளிரவுக்குப் பிறகு? மழைக்குள்ளே ஓடும் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். துளிகள் முன் கண்ணாடியில்தான் அதிகம் அடிக்கும், பின் கண்ணாடியில் குறைவு. பூமியும் ஓடிக்கொண்டிருக்கிற பஸ்தான். முன்னிரவில் நாம் பின் கண்ணாடிப் பக்கம் இருக்கிறோம். நள்ளிரவு தாண்டினால் முன் கண்ணாடிப் பக்கம் வந்துவிடுகிறோம். இதை வகுப்பில் சொன்னபோது தரம் 8 பிள்ளை ஒன்று, "அப்ப விடியுறப்ப நாம டிரைவர் சீட்டுலயா சேர்?" என்று கேட்டது. ஆமாம், கிட்டத்தட்ட அப்படித்தான்.

இந்த முறை ஒரு விசேசமும் இருக்கிறது. ஆகஸ்ட் 12 அமாவாசை. அன்றைக்குத்தான் கிறீன்லாந்து, ஐஸ்லாந்து, ஸ்பெயின் பக்கம் பூரண சூரிய கிரகணம். அது நமக்குத் தெரியாது. ஆனால் அதே அமாவாசையால் நமக்கு நிலவில்லாத இரவு கிடைக்கிறது. அதோடு ஆகஸ்ட் என்றால் ஊவாவில் பொதுவாக மழை குறைந்த காலம். வானம் திறந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

பிறைக் கணக்கில் பார்த்தால் அதே அமாவாசைதான் ஸபர் மாதத்தை முடித்துவைக்கிறது. ஆகவே 12 ஆம் திகதி ஸபரின் கடைசிப் புதன். அந்த உம்மா சொன்ன ஒடுக்கத்துப் புதன். அன்றைக்குப் பீடை இறங்கும் என்று சொல்லி மாவிலையில் எழுதிக் கரைத்துக் குடிப்பதும், குளித்துக் கழிப்பதும் சில ஊர்களில் இன்னும் இருக்கிறது.

நாங்கள் ஆலிம்கள் இல்லை. எரிநட்சத்திரம் பற்றிக் குர்ஆனில் வரும் வசனங்களுக்கு விளக்கம் சொல்வது உலமாக்களின் வேலை. அவர்களிடமே கேளுங்கள். ஆனால் மத்ரஸாவில் எல்லோரும் படித்த இரண்டு செய்திகளை ஞாபகப்படுத்தலாம். ஸபர் மாதத்தில் சகுனம் இல்லை என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னது ஒன்று. மற்றது ஸஹீஹ் முஸ்லிமில் வருவது. ஓர் இரவு தோழர்களோடு இருக்கும்போது நட்சத்திரம் ஒன்று எரிந்து ஓடியது. அறியாமைக் காலத்தில் இதற்கு என்ன சொல்வீர்கள் என்று நபியவர்கள் கேட்டார்கள். பெரிய மனிதர் யாரோ பிறந்தார் அல்லது இறந்தார் என்போம் என்றார்கள் தோழர்கள். யாருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அது எறியப்படுவதில்லை என்று நபியவர்கள் தெளிவாக மறுத்தார்கள்.

உம்மும்மா சொன்னதற்கு இதைவிட நேரான பதில் என்ன இருக்கிறது? இந்த ஹதீஸ் எங்கள் வீட்டு அலுமாரிக்குள்ளேயே இருந்திருக்கிறது. அந்த இரவில் யாராவது எடுத்து வாசித்திருந்தால் மூன்று பிள்ளைகள் தப்பியிருப்பார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இப்னு அப்பாஸ் (ரழி) சிறுவராக இருந்தபோது தன் சாச்சி மைமூனா (ரழி) வீட்டில் ஓர் இரவு தங்கினார். நபியவர்கள் இரவின் பிற்பகுதியில் எழும்பி, வானத்தைப் பார்த்து, ஆல இம்ரான் சூறாவின் கடைசி வசனங்களை ஓதியதை அந்தச் சிறுவர்தான் கண்டு நமக்குச் சொன்னார். நடுச்சாமத்தில் ஒரு பிள்ளை கண்விழித்துக் கவனித்ததால் நமக்குக் கிடைத்த செய்தி அது. தஹஜ்ஜுத் நேரமும் எரிகல் பார்க்க நல்ல நேரமும் ஒன்றுதான். எழும்பித் தொழுகிறவர்கள் ஐந்து நிமிடம் முன்கூட்டி வாசலுக்கு வாருங்கள், போதும்.

இப்போது தோட்டத்து அம்மாவுக்கு.

2023 டிசம்பரில் ஜெமினிட் பொழிவு வந்தது. அதுவும் நிலவில்லாத இரவு. எங்களில் ஒருவர் பிறந்த தோட்டத்தில், லயத்துக்கு முன்னாலிருக்கும் சின்னத் திடலில், படங்கை விரித்துப் பதினொரு பிள்ளைகளோடு படுத்துக்கிடந்தோம். டிசம்பர் என்பதால் மேகம். பத்து மணியிலிருந்து பன்னிரண்டரை வரை ஒன்றுமே இல்லை. ப்ளேன்டீ இரண்டு தரம் முடிந்தது. இஸ்தோப்பில் இருந்த பாட்டி ஒருவர், "விழுந்தா ஒடனே பச்ச மரத்தப் பாத்துருங்க, இல்லாட்டி மறதி வந்துரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஒரு பிள்ளையின் அம்மா, மகளைத் தனியே அனுப்ப மாட்டேன் என்று தானும் வந்திருந்தார். அவர் சொன்னது சரி, அப்படித்தான் இருக்கவேண்டும். ஆனால் அவருக்கு விடிந்தால் பிரட்டுக்குப் போகவேண்டும், கொழுந்து நிறுவை குறைந்தால் சம்பளத்தில் குறையும். தூங்கச் சொல்லிப் பார்த்தோம், கேட்கவில்லை. பன்னிரண்டே முக்காலுக்கு மேகம் விலகியது. ஒரு மணித்தியாலம்தான் கிடைத்தது. பிள்ளைகள் கத்திக் கத்தி எண்ணினார்கள். ஒருவருக்கு இருபத்தொன்று, ஒருவருக்கு இருபத்தாறு. அந்த அம்மா சத்தமே போடவில்லை. கடைசியில் கேட்டால், முப்பத்தி நாலு என்றார். கொழுந்து பார்த்துப் பழகிய கண்.

போகும்போது அவர் சொன்னதை நாங்கள் மறக்கவில்லை. "இம்புட்டு வருசமா இந்த மலையில இருக்கேன் சேர். வானத்தப் பாக்குறதெல்லாம் மழ வருமான்னுதான்."

இதில்தான் எங்கள் கருத்து இருக்கிறது.

ஊவாவில் பிள்ளைகள் இரவில் கண்விழிப்பது புதிய விசயம் இல்லை. மழை கொட்டினால் லயத்தில் யாரும் தூங்குவதில்லை. மேலே மண் சரியும் சத்தம் கேட்குதா என்று காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள்ளே போனதை நாம் மறக்கவில்லை. அந்த இடம் ஆபத்து என்று முன்பே சொல்லப்பட்டிருந்தது. கடந்த நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது இதே பதுளை மாவட்டம் எத்தனை உயிர்களைக் கொடுத்தது! அதற்குப் பிறகு எங்கள் வகுப்பில் இன்னும் மழை பெய்தால் புத்தகத்தை மூடிவிட்டு ஜன்னலைப் பார்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அந்தப் பயத்தை நாங்கள் கேலி செய்யமாட்டோம். அது தேவையான பயம். மலைக்குப் பயப்படவேண்டும். நிலத்தில் புதிய வெடிப்பு, திடீரென்று கலங்கி வரும் ஊற்று, சாயும் மரம், இறுகும் கதவு, இதையெல்லாம் பிள்ளை கவனிக்கவேண்டும். 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் தயார் நிலை, 150 தாண்டினால் வெளியேறுவது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் கணக்கைப் பிள்ளை அறிந்திருக்கவேண்டும். இதற்குச் சகுனம் உதவாது. பார்ப்பதும், அளப்பதும், குறித்துவைப்பதும்தான் உதவும்.

எரிநட்சத்திரத்துக்குப் பயப்படும் பிள்ளை அதே கவனத்தை வீணாக்குகிறது. எதற்குப் பயப்படவேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை என்று பிரித்துப் பார்க்கப் பழக்குவதற்குத்தான் நாங்கள் சம்பளம் வாங்குகிறோம். அதை வகுப்பில் சோக்கட்டியால் எழுதிப் பழக்க முடியாது. "பயப்படாதே" என்று நூறு தரம் சொன்னாலும் போகாத பயம், முப்பது எரிகல் விழுந்து மறுநாள் எல்லோரும் உயிரோடு பாடசாலைக்கு வந்தால் போய்விடும். 2023 இல் அதை எங்கள் கண்ணால் பார்த்தோம். அந்தப் பதினொரு பிள்ளைகளில் ஒன்றுகூட இப்போது சகுனம் பேசுவதில்லை. பாட்டி மட்டும் இன்னும் பச்சை மரம் பார்க்கிறார். பார்த்துவிட்டுப் போகட்டும்.

இதோடு இன்னொரு காரணமும் இருக்கிறது, அதைச் சொல்லத் தயக்கம் வேண்டாம். மண்ணுக்குப் பயந்து பல இரவுகள் கண்விழித்த பிள்ளைகள் இவர்கள். சந்தோசத்துக்காக ஓர் இரவு கண்விழிக்க இவர்களுக்கு உரிமை இல்லையா?

சிலர் கேட்பீர்கள், பரீட்சைக்கு இது வருமா என்று. வராமல் இருக்கலாம். எங்கள் பாடசாலையில் தொலைநோக்கி இல்லை. ஆய்வுகூடத்தில் பாதிச் சாமான் இல்லை. ஆனால் இந்தப் பொழிவுக்குத் தொலைநோக்கி வேண்டாம், வெறுங்கண்தான் வேண்டும். லயத்து வாசலின் இருட்டு கொழும்பில் எந்தப் பெரிய பாடசாலைக்கும் கிடைக்காது. இந்த ஒரு விசயத்தில் நமது பிள்ளைகள் முன்வரிசையில் இருக்கிறார்கள்.

ஆனால் எல்ல டவுனில் அந்த இருட்டும் குறைந்துகொண்டு வருகிறது. ஹோட்டல், விடுதி நடத்தும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுற்றுலாவால்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது, அதை நாங்கள் அறிவோம். 13 ஆம் திகதி அதிகாலை 2 மணியிலிருந்து 5 மணி வரை, பாதுகாப்புக்குத் தேவையில்லாத வெளி லைட்டுகளை மட்டும் அணைத்து வையுங்கள். உங்களிடம் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்களையும் எழுப்பிக் காட்டுங்கள். ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க வந்தவர்கள் இதற்கும் உங்களுக்கு நன்றி சொல்வார்கள்.

பெற்றோருக்குச் சில விசயங்கள்.

பிள்ளைகளை எட்டு மணிக்கே தூங்க வையுங்கள். இரண்டரைக்கு எழுப்பினால் போதும். இரண்டரையிலிருந்து பஜ்ர் வரை நல்ல நேரம்.

எங்கேயும் போகவேண்டாம். சின்ன சிவனொளிபாத மலை, எல்ல பாறை, ரயில் பாதை, பாலம் எதுவும் வேண்டாம். வீட்டு வாசல், இஸ்தோப்பு, மொட்டைமாடி போதும். பெரியவர் ஒருவர் கட்டாயம் கூட இருக்கவேண்டும். பெண் பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். உம்மாவும் மகளும் சேர்ந்து ஒரு பாயில் படுத்துப் பார்க்கலாம்.

போர்வை, தொப்பி, காலுறை வேண்டும். படுக்கும் இடத்தை முதலில் டோர்ச் அடித்துப் பாருங்கள், பாம்பு பூச்சி இருக்கலாம்.

பிறகு லைட்டை அணையுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது வேண்டும். ஒருதரம் போனைப் பார்த்தால் பழகியது போய்விடும், திரும்ப இருபது நிமிடம். வெளிச்சம் தேவை என்றால் வெசாக் கூட்டில் மிஞ்சிய சிவப்புத் தாளை டோர்ச்சில் சுற்றிக் கட்டுங்கள்.

எல்லவிலிருந்து பார்த்தால் வடகிழக்கு, நமுனுகுல மலைப் பக்கத்திலிருந்து வருவதுபோல் இருக்கும். ஆனால் அங்கேயே பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. மல்லாந்து படுத்து முழு வானத்தையும் பாருங்கள். நமது நாட்டில் இந்தப் பொழிவு வடக்கு நாடுகளில் போல அதிகம் தெரியாது. சில நேரம் பத்து நிமிடம் ஒன்றும் வராது, பிறகு ஒரு நிமிடத்தில் மூன்று வரும். பொறுமைதான் சாமான்.

ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தாளில் ஒன்று விழுந்தால் ஒரு கோடு போடட்டும். கால் மணிக்கு ஒருதரம் நேரத்தைக் குறிக்கட்டும். மேகம் வந்தால் அதையும் எழுதட்டும். ஒன்றும் தெரியாவிட்டால் "ஒன்றும் தெரியவில்லை" என்று எழுதட்டும். அதுவும் சரியான விடைதான்.

அந்தக் குரல் பதிவு அனுப்பிய உம்மாவுக்கு நாங்கள் குழுவில் பதில் போடவில்லை. எல்லோருக்கும் முன்னால் திருத்துவது அழகில்லை. அடுத்த நாள் வீட்டுக்குப் போய், உம்மும்மாவின் கதையைச் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நானும் சின்னதுல பாத்து பயந்திருக்கன் சேர்" என்றார். பிறகு, மகனை எழுப்புவதாகவும், தானும் பக்கத்தில் இருப்பதாகவும், அதை மாமியிடம் சொல்லவேண்டாம் என்றும் சொன்னார்.

மாமியையும் எழுப்பச் சொல்லியிருக்கிறோம். பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

13 ஆம் திகதி காலை உங்கள் வீட்டு எண்ணிக்கையை இந்தப் பதிவின் கீழே எழுதுங்கள். ஊர், நேரம், எத்தனை பேர் பார்த்தீர்கள், எத்தனை விழுந்தது. பதுளை, பசறை, தெமோதரை, ஹப்புத்தளை, கொஸ்லந்தை எல்லாவற்றையும் சேர்த்து ஓர் அட்டவணை போட்டு வகுப்புச் சுவரில் ஒட்டப் போகிறோம்.